மெயின்ஃபிரேம் காலத்துக் கேலிக் கட்டளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேலிக் கட்டளைகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

1960களிலும் 1970களிலும் மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிகளின் கூடங்களில் வேலை செய்தவர்கள், தயாரிப்பு நிறுவனம் தரும் கட்டளைக் கையேட்டின் நடையிலேயே, எந்தக் கணினியிலும் இல்லாத கட்டளைகளைக் கற்பனை செய்து பட்டியலாகத் தட்டச்சு செய்து வைத்தார்கள். இடப்பக்கம் இரண்டு முதல் நான்கு எழுத்துகள் கொண்ட சுருக்கப்பெயர், வலப்பக்கம் அதன் விரிவு என்ற அமைப்பில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதப்பட்ட பட்டியல்கள் அவை. ‘எச்.சி.எஃப்.’ என்றால் நின்று தீப்பற்றிக்கொள், ‘ஆர்.பி.எம்.’ என்றால் நிரலாளரின் மனத்தைப் படி, ‘பி.பி.டபிள்யூ.’ என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கிளைத்துச் செல், ‘எஃப்.எல்.ஐ.’ என்றால் பார்ப்பவர் அசந்துபோகும்படி விளக்குகளை மின்னச் செய்.

இவற்றோடு உறவுடைய வேறு இரண்டு வகைகளையும் இப்பக்கம் எடுத்துக்கொள்கிறது. கணினிக்குள் யாரோ உண்மையாகவே எழுதி வைத்து, கேட்டால் பதில் தந்த வேடிக்கைக் கட்டளைகள் ஒரு வகை. கேலிக்காகவே உருவாக்கப்பட்டு, ஆனால் ஒழுங்காக இயங்கிய நிரல்மொழி மற்றொரு வகை.

பட்டியல்களைப் படித்தவர்கள் அவற்றை உண்மை என்று நம்பினார்களா?

புதிதாகச் சேர்ந்தவர் ஒரு கணம் திகைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஏனெனில் உண்மையான கட்டளைகளின் பெயர்களே அப்படித்தான் இருந்தன. 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினியின் அசெம்பிளி மொழியில் (கணினியின் அடிப்படைக் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) ‘பால்’ என்று ஒரு கட்டளை உண்டு. கிளைத்துச் சென்று, அதாவது நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவி, திரும்பும் முகவரியை நினைவில் வை என்பது அதன் பொருள். ‘ஜாப்’ (ZAP) என்று இன்னொன்று உண்டு. மின்னல் தாக்கியது போன்ற ஓசையுடைய அந்தப் பெயர், ஓரிடத்தைப் பூஜ்யமாக்கி அதில் பதின்ம எண்ணைக் கூட்டு என்ற சாதுவான கணக்குவேலையைத்தான் குறிக்கிறது. அதே காலத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விற்ற பி.டி.பி.-10 கணினியிலோ, ‘ஜம்ப்’ என்ற கட்டளை எங்கும் தாவாது. எந்த நிபந்தனையில் தாவ வேண்டும் என்பதைப் பின்னொட்டு எழுத்துகள் சொல்ல வேண்டும். பின்னொட்டு இல்லையென்றால் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது என்று பொருள். எனவே தாவு என்று எழுதினால் சும்மா இரு என்று கணினி புரிந்துகொள்ளும். எப்போதும் தாவ வேண்டுமென்றால் ‘ஜம்ப்-ஏ’ என்று எழுத வேண்டும். இந்தப் பெயர்களோடு நாள் முழுதும் புழங்கியவர்களுக்கு, ‘பைனரியாக மாற்று’, ‘பதின்மமாக மாற்று’ என்ற உண்மைக் கட்டளைகளின் அருகே ‘ரோமன் எண்ணாக மாற்று’ என்று ஒன்றைச் சேர்ப்பது மிக இயல்பாக வந்திருக்கும்.

எச்.சி.எஃப். என்ற கட்டளையால் ஏதாவது கணினி உண்மையில் தீப்பற்றியதா?

பற்றவில்லை. சிஸ்டம்/360-இல் இல்லாத ஒரு கட்டளைக் குறியீட்டை இயக்க முயன்றால் நிரல் இடைநிறுத்தம் ஏற்படும். இயக்கமுறைமை அந்த வேலையை மட்டும் ‘0சி1’ என்ற பிழைக்குறியோடு வெளியேற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிறர் வேலைகளுக்கு ஒன்றும் ஆகாதபடி காப்பதற்கென்றே அந்த ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

ஆனால் இந்தப் பெயர் பிற்பாடு உண்மையான ஒரு நடத்தைக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. மோட்டோரோலா 1974-இல் வெளியிட்ட 6800 நுண்செயலியில், கையேட்டில் சொல்லப்படாத குறியீடுகளை ஜெர்ரி வீலர் என்பவர் ஆராய்ந்து 1977 டிசம்பர் ‘பைட்’ இதழில் எழுதினார். பதினாறடிமான முறையில் 9டி, டிடி என்ற இரண்டு குறியீடுகளில் எதை இயக்கினாலும் செயலி தன் வேலையை மறந்து, நினைவகத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாக, தன்னால் இயன்ற முழு வேகத்தில், முடிவே இல்லாமல் படித்துக்கொண்டே போகும். மீட்டமைப்புப் பொத்தானைத் தவிர வேறு எதனாலும் அதை நிறுத்த முடியாது. முகவரிக் கம்பிகள் மட்டும் ஒரு பெரிய எண்ணியைப் போல ஏறிக்கொண்டே இருக்கும். பெருங்கணினிக் கூடத்தில் பிறந்த கேலிப்பெயரையே அந்தக் குறியீடுகளுக்கு அவர் சூட்டினார். வன்பொருளைச் சோதிப்பவருக்கு முகவரிக் கம்பிகள் சீராக மாறுகின்றனவா என்று பார்க்க இது உதவவும் செய்யும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அச்சுப்பொறி, நாடா, அட்டை பற்றிய கட்டளைகள் ஏன் இவ்வளவு அதிகம்?

அன்றைய கணினியில் கண்ணுக்குத் தெரிந்து அசைந்தவையும், அடிக்கடி பழுதானவையும் அவைதான். பட்டியலின் பெரும்பகுதியை ஒரு பழுதுப் பதிவேடாகவே படிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். சிரிப்புக்கு அடியில் இருக்கும் அந்த இயந்திர அறிவுக்காகவே இவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

‘அச்சிட்டுச் சங்கிலியை அறு’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எம். 1959-இல் அறிமுகப்படுத்திய 1403 வரி அச்சுப்பொறியில் எழுத்துகள் ஒரு சங்கிலியில் கோக்கப்பட்டு, கிடைவாக்கில் அதிவேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். 48 எழுத்துகள் ஐந்து முறை திரும்பத் திரும்ப வர, சங்கிலியில் மொத்தம் 240 எழுத்துருக்கள். காகிதத்தின் பின்னால் 132 சிறு சுத்தியல்கள். வேண்டிய எழுத்து வேண்டிய இடத்துக்கு நேரே வரும் நொடியில் அந்த இடத்துச் சுத்தியல் அடிக்கும். எந்த எழுத்தை எந்த வரிசையில் அச்சிடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுத்தியல்களின் ஓசை மாறும் என்பதைக் கண்டுகொண்ட நிரலாளர்கள், வரிகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கி அந்த அச்சுப்பொறியில் பாட்டு வாசிக்க வைத்தார்கள். பல சுத்தியல்கள் ஒரே நேரத்தில் அடிக்கும்படி வரியை அமைத்தால் பொறி எவ்வளவு அதிரும் என்பது அவர்களுக்குக் கேட்டே தெரிந்திருந்தது. இதே 1403-இன் என்-1 மாதிரியில் காகிதம் தீர்ந்தால் மேல்மூடி தானாகத் திறந்துகொள்ளும். மூடியின் மேல் காப்பிக் கோப்பையை வைத்தவர் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

‘அட்டையைப் படித்துக் கிழித்துப் போடு’, ‘அட்டைகளைப் படித்துத் தரவைக் கலைத்துவிடு’ ஆகியவற்றுக்கும் இதே போன்ற பின்னணி உண்டு. ஒரு துளையட்டையில் 80 நெடுவரிசைகள். ஒவ்வொன்றிலும் 12 துளையிடங்கள். ஓர் அட்டைக்கு நிரலின் ஒரு வரி என்ற கணக்கில், ஆயிரம் வரி நிரல் என்றால் ஆயிரம் அட்டைகள். கைதவறிக் கீழே விழுந்தால் வரிசை போய்விடும். ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலில் 73 முதல் 80 வரையிலான நெடுவரிசைகளைக் கணினி கண்டுகொள்ளாது. வரிசை எண்ணைத் துளையிட்டு வைக்க அந்த இடம் பயன்பட்டது. அதற்கும் சோம்பல்பட்டவர்கள் அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுத்துவைப்பார்கள். கலைந்த கட்டை அடுக்கும்போது கோடு நேராக வந்தால் வரிசையும் சரி.

துளையட்டையை வைத்தே செய்த குறும்பும் ஒன்று உண்டு. 960 துளையிடங்களையும் துளைத்துவிட்டால் அட்டை சரிகைத் துணியைப் போல ஆகிவிடும். அதை ‘லேஸ் கார்டு’ என்பார்கள். அதற்கு விறைப்பு இராது. நிமிடத்துக்கு 1000 அட்டைகளை விழுங்கும் 2540 வகைப் படிப்பானுக்குள் அது போனால் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை மெல்லிய தகட்டால் கிளறி எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் குறும்பை நான் மெச்சமாட்டேன். பட்டியலில் எழுதிய கேலி யாருடைய வேலையையும் கெடுக்கவில்லை. லேஸ் கார்டு அடுத்தவர் முறையைக் கெடுத்தது.

நாடாவைப் பற்றிய ‘பின்னால் நகர்த்தி நாடாவை இழு’ என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். அரை அங்குல அகலமும் 2400 அடி நீளமும் உள்ள நாடாவை நொடியில் நிறுத்தி மறுதிசையில் ஓட்டும் பொறிகள் அவை. பின்னால் நகர்த்து என்பது உண்மையான கட்டளை. இழுபட்டுப் போவது அதனால் வந்த அச்சம்.

ஆபரேட்டர் ஏன் இத்தனை கட்டளைகளில் அடிபடுகிறார்?

நிரல் எழுதியவர் அன்று கணினியைத் தொட முடியாது. அட்டைக்கட்டைச் சாளரத்தில் கொடுத்துவிட்டுச் சில மணிநேரம், சில இடங்களில் ஒரு முழு நாள், காத்திருக்க வேண்டும். உள்ளே கணினியை இயக்கும் ஆபரேட்டர்தான் அவருக்கும் கணினிக்கும் நடுவே இருந்தவர். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக ஒரு நாளை இழந்தவரின் எரிச்சல் ஆபரேட்டர் மேல் திரும்பியது; ஒழுங்காக அடுக்கப்படாத கட்டுகளை நாள்தோறும் வாங்கியவரின் எரிச்சல் நிரலாளர் மேல் திரும்பியது. எனவே பட்டியலில் ‘எக்ஸிகியூட் ஆபரேட்டர்’ என்ற கட்டளையும் உண்டு, ‘எக்ஸிகியூட் புரோகிராமர் இம்மீடியட்’ என்ற கட்டளையும் உண்டு.

எக்ஸிகியூட் என்ற ஆங்கிலச் சொல் ஒரு கட்டளையை நிறைவேற்றுவதையும் குறிக்கும், ஒருவருக்கு மரணதண்டனை தருவதையும் குறிக்கும். சிஸ்டம்/360-இல் எக்ஸிகியூட் என்பது உண்மையான கட்டளை. வேறோர் இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்து இயக்குவது அதன் பணி. காளமேகத்தின் சிலேடையைச் சுவைத்தவர்களுக்கு இந்த இரட்டைப் பொருளின் அமைப்பு புதிதாக இராது. தமிழிலும் தூக்குத்தண்டனை ‘நிறைவேற்றப்பட்டது’ என்றுதான் எழுதுகிறோம். ஆனால் நாம் நிறைவேற்றுவது தண்டனையை, ஆளை அன்று என்பதால் இந்தக் கேலி மொழிபெயர்ப்பில் பாதிதான் வந்து சேரும். ‘பிராஞ்ச் அண்ட் ஹேங்’ என்பதும் அப்படியே: கிளைத்துச் சென்று ஹேங் ஆகிவிடு என்பது ஒரு பொருள், கிளையில் தொங்கு என்பது இன்னொரு பொருள்.

கேட்டால் உண்மையாகவே பதில் தந்த வேடிக்கைக் கட்டளைகள் இருந்தனவா?

இருந்தன. பி.டி.பி.-10 கணினியில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்க ‘மேக்’ என்று அடித்துக் கோப்பின் பெயரைத் தர வேண்டும். டெக்கோ என்ற உரைத்திருத்தி திறந்துகொள்ளும். ‘லவ்’ என்ற பெயரில் கோப்பு வேண்டும் என்று கேட்டால், கோப்பைத் திறப்பதற்கு முன் ‘நாட் வார்?’ என்று கணினி கேட்கும். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் தெருவில் எழுப்பிய முழக்கத்தின் மறுபாதி அது. போரின் நடுவே வாழ்ந்த ஒரு நிரலாளர் தம் மனத்தில் இருந்ததை ஓர் உரைத்திருத்திக்குள் எழுதி வைத்தார் என்பதை நினைக்கும்போது, இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ள உதவிய மல்டிக்ஸ் என்ற இயக்கமுறைமையில் 1970களின் தொடக்கத்தில் உலவிய ‘குக்கி மான்ஸ்டர்’ வேறு வகை. வேலையில் மூழ்கியிருப்பவரின் முனையத்தில் திடீரென்று பிஸ்கோத்து கேட்டு ஒரு வரி வரும். பொருட்படுத்தாவிட்டால் மீண்டும் மீண்டும் வரும். ‘குக்கி’ என்று தட்டச்சு செய்தால் திருப்தியடைந்து போய்விடும்.

இவற்றுள் எண்ணிப்பார்க்கத் தக்கது, எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஐ.டி.எஸ். என்ற இயக்கமுறைமையில் இருந்த ‘கில் சிஸ்டம்’ என்னும் கட்டளை. யார் வேண்டுமானாலும் அதை அடித்துக் கணினி முழுவதையும் நிறுத்திவிடலாம். கணினியை வீழ்த்துவது அன்றைய மாணவர்களுக்கு ஒரு வீரவிளையாட்டு. நுட்பமான வழிகளைத் தேடிக் கண்டுபிடித்து வீழ்த்துவார்கள். கதவைத் திறந்தே வைத்துவிட்டால் பூட்டை உடைப்பதில் பெருமை ஏது? அந்தக் கட்டளை வந்த பிறகு கணினியை வீழ்த்துவதில் திறமைக்கே இடமில்லாமல் போயிற்று.

‘கம் ஃப்ரம்’ என்ற கட்டளையின் கதை என்ன?

1968 மார்ச்சில் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ‘கோ டு’ என்ற கட்டளை தீங்கானது என்று கணினியியல் இதழ் ஒன்றில் ஒரு கடிதம் எழுதினார். நிரல் எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவுகிறது என்பதைப் பின்தொடர முடியாமல் போகிறது என்பது அவர் வாதம். சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1973 டிசம்பரில் ‘டேட்டாமேஷன்’ இதழில் லாரன்ஸ் கிளார்க் என்பவர் ஒரு தீர்வை முன்வைத்தார்: ‘கோ டு’ வேண்டாம், அதற்குப் பதிலாகக் ‘கம் ஃப்ரம்’ வைத்துக்கொள்ளலாம். நிரலின் 40ஆம் வரியில் ‘கம் ஃப்ரம் 10’ என்று இருந்தால், 10ஆம் வரி முடிந்ததும் கட்டுப்பாடு 40ஆம் வரிக்கு வந்துவிடும். 10ஆம் வரியைப் பார்ப்பவருக்கு அங்கிருந்து தாவல் நடக்கப்போவதற்கான அடையாளமே தெரியாது. நோயைவிடக் கொடிய மருந்து என்று எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் ஃபோர்ட்ரானின் ‘டூ’ சுழற்சியைக் கூர்ந்து பாருங்கள். ‘டூ 200’ என்று மேலே எழுதினால், 200 என்ற அடையாள எண் உள்ள வரியை அடைந்ததும் கட்டுப்பாடு மேலே திரும்பிவிடும். 200ஆம் வரியிலோ ‘தொடர்க’ என்ற பொருளுடைய ஒரு சொல் மட்டுமே இருக்கும். அதாவது கம் ஃப்ரம் ஏற்கெனவே மாறுவேடத்தில் அங்கே இருந்தது. ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான்-ஜி தொகுப்பியிலோ (நிரலைக் கணினிக்குப் புரியும் குறியீடுகளாக மாற்றும் மென்பொருள்) பிழைதேடுவதற்கென ‘அட்’ என்ற கூற்று இருந்தது. ‘அட் 100’ என்று எழுதினால் 100ஆம் வரியை நிரல் அடையும்போது அந்தச் சோதனைப் பகுதி குறுக்கிட்டு ஓடும். கிளார்க்கின் கேலி எந்த அளவுக்கு உண்மையோடு ஒட்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்டர்கால் என்பது என்ன? அதில் உண்மையாகவே நிரல் எழுத முடியுமா?

முடியும், மிகுந்த பொறுமை இருந்தால். 1972 மே 26 அன்று காலை, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் உட்ஸ், ஜேம்ஸ் லயன் என்ற இரண்டு மாணவர்கள் இந்தக் கேலி நிரல்மொழியை வடிவமைத்தார்கள். வேறு எந்த மொழியோடும் எந்தப் பொதுக்கூறும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. துளையட்டையில் துளைத்து சிஸ்டம்/360-இல் ஓட்டினார்கள். உள்ளீட்டு எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் இலக்கமாக ஆங்கிலச் சொற்களில் தர வேண்டும். விடை ரோமன் எண்களில் வரும். கேலிப் பட்டியல்களில் வெறும் பேச்சாக இருந்த ‘ரோமன் எண்ணாக மாற்று’ இங்கே இயங்கும் நிரலாகிவிட்டது.

கட்டளைகளின் முன்னால் ‘ப்ளீஸ்’ என்று இடலாம். தொகுப்பி அதை எண்ணிக்கொண்டே வரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கட்டளைகளில் ப்ளீஸ் இருந்தால், நிரலாளருக்கு மரியாதை போதவில்லை என்று நிரலை மறுத்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், குழைவு மிகுதி என்று மறுத்துவிடும். தொகுப்பிக்குப் புரியாத வரி எதுவானாலும் பிழையாகக் கொள்ளப்படாது. ஓடும்போது அந்த வரியை எட்டினால்தான் சிக்கல். குறிப்பு எழுத விரும்புவோர் ‘ப்ளீஸ் நோட்’ என்று தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் நோட் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் ‘நாட்’ ஆகிவிடுவதால், இந்த வரியைச் செய்யாதே என்று தொகுப்பி படித்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். மனிதருக்கு ஒரு பொருளும் கணினிக்கு ஒரு பொருளுமாக ஒரே எழுத்துக்கோவை இரு வேலை செய்யும் இந்த இடத்தை, நிரல்மொழி வரலாற்றில் மிக அழகான வரிகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

1990-இல் எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் இதைச் சி என்ற நிரல்மொழியில் மீண்டும் எழுதினார். கம் ஃப்ரம் கட்டளை அப்போதுதான் இன்டர்காலுக்குள் வந்தது.

வேடிக்கையாக எழுதப்படாமலே வேடிக்கையாகிவிட்டவை உண்டா?

இரண்டைச் சொல்ல வேண்டும். ஐ.பி.எம்.மின் 1620 கணினியின் முதல் மாதிரிக்குள் கூட்டல் செய்யும் சுற்று இல்லை. நினைவகத்தில் 300 முதல் 399 வரையிலான இடங்களில் கூட்டல் வாய்பாட்டையும், 100 முதல் 299 வரை பெருக்கல் வாய்பாட்டையும் ஏற்றிவைத்து, பள்ளிப்பிள்ளை வாய்பாட்டைப் பார்த்துச் சொல்வதைப் போல விடையை எடுத்துத் தரும். நிரல் தவறி அந்த இடங்களில் எதையாவது எழுதிவிட்டால், அதன்பின் இரண்டும் இரண்டும் ஐந்து என்று கணினி உறுதியாகச் சொல்லும். ‘கேடட்’ என்ற அதன் உள்பெயருக்கு, ‘கூட்டத் தெரியாது, முயல்வதும் இல்லை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை விரிவாகப் பொருத்திவிட்டார்கள். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்ததும் இந்த 1620 கணினிதான்.

மற்றொன்று, சிஸ்டம்/360-இன் ‘ஐ.இ.எஃப்.பி.ஆர்.14’ என்ற நிரல். எதுவும் செய்யாமல் திரும்பிவிடுவதே அதன் பணி; கோப்புகளை உருவாக்கவும் நீக்கவும் இயக்கமுறைமைக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதால் அது எழுதப்பட்டது. 14ஆம் பதிவகம் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) காட்டும் முகவரிக்குத் திரும்பு என்ற ஒரே கட்டளைதான் முழு நிரல். அதிலும் பிழை இருந்தது: வேலை நல்லபடி முடிந்தது என்று 15ஆம் பதிவகத்தில் பூஜ்யத்தை வைக்க மறந்துவிட்டார்கள். திருத்தியபோது நிரல் இரண்டு கட்டளைகளாயிற்று.

பட்டியல்களை எழுதியவர்கள் யார்?

ஒருவர் என்று சுட்ட இயலாது. கணினி அச்சுப்பொறியில் எடுத்த படியும், அதை ஜெராக்ஸ் எடுத்த படியும், அதன் ஜெராக்ஸுமாக ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குப் போயின. போகுமிடத்தில் இருந்தவர் தமக்குத் தோன்றிய இரண்டு வரியைச் சேர்த்தார். தம் கணினிக்குப் பொருந்தாததை விட்டார். நாட்டுப்புறப் பாடல் வளரும் முறையும் இதுவே.

பழைய பட்டியல் ஒன்று கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு வரியிலும் எந்த உண்மைக் கட்டளை திரிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பொருள் உடைகிறது என்று தேடுங்கள். ‘சீக் ரெக்கார்டு அண்ட் ஸ்கார் டிஸ்க்’ என்பதில் பதிவைத் தேடு என்பது உண்மை. வட்டில் வடு ஏற்படுத்து என்பது, படிக்கும் தலை சுழலும் வட்டின் மேல் உரசிக் காந்தப்பூச்சைச் சுரண்டிவிடும் விபத்து. ‘எரிந்துபோன விளக்கு இருந்தால் கிளைத்துச் செல்’ என்பதைக் கண்டால், கணினியின் முகப்பில் வரிசை வரிசையாக இருந்த சிறு விளக்குகளையும், அணைந்திருக்கும் ஒரு விளக்கு பூஜ்யத்தைக் காட்டுகிறதா அல்லது இழை அறுந்துவிட்டதா என்று தெரியாமல் நின்ற ஆபரேட்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

‘ஈராஸ்’ என்ற வரி கிடைத்தால் சற்று நேரம் அதிலேயே நில்லுங்கள். படிக்க மட்டுமேயான நினைவகத்தை அழி என்பது அதன் விரிவு. அப்படிப்பட்டதை அழிக்க முடியாது என்பதே கேலி. ஆனால் சிஸ்டம்/360-இன் 30ஆம் மாதிரியில் அந்த நினைவகம், துளையட்டையின் அளவிலேயே வெட்டப்பட்டுத் துளையிடப்பட்ட மைலார் அட்டைகளால் ஆனது. பழுது பார்க்கும் பொறியாளர் கதவைத் திறந்து, பழைய அட்டையை உருவி எடுத்துவிட்டுப் புதிதாகத் துளைத்த அட்டையைச் செருகுவார்.